அந்த ஆயில் எங்கே போனது?

நேற்று தாம்பரம் மார்க்கெட்டில் உன் மகளுக்கு ஒரு மழைக்கோட்டு வாங்கினேன். கடைக்காரர் கவரைப் பிரித்ததும் புதுப் பிளாஸ்டிக் வாடை முகத்தில் அடித்தது. ஷிஃபா அதை மூக்கோடு சேர்த்துப் பிடித்து, "சூப்பரா இருக்கு ஆன்ட்டி" என்றாள். என் கை தானாக நீண்டு அதைப் பிடுங்கிவிட்டது. குழந்தை திகைத்துப்போய்ப் பார்த்தாள். நீ இருந்தாலும் அப்படித்தான் பிடுங்கியிருப்பாய்.

ஆனால் வாடைக்குப் பயப்படுகிறவள் இல்லை நீ. "நம்ம ஆயிலுக்கு வாடையே கிடையாதுடி. வாடை இருந்தா முகத்தைத் திருப்பிக்கலாமே" என்பாய்.

கெமிஸ்ட்ரி முடித்த கையோடு நாம் இருவரும் பல்லாவரத்துக்கு அருகே அந்தச் சின்னக் கம்பெனியின் லேபில் சேர்ந்தோம். ஆஸ்பத்திரிகளுக்கு பிவிசி டியூப் செய்கிற இடம். பிவிசி தானாக வளையாது, கட்டை மாதிரி விறைத்து நிற்கும். அதை நூடுல்ஸ் போல வளைய வைப்பது தாலேட் என்கிற திரவம். டிரம் டிரம்மாக வந்து இறங்கும். ஷெட்டில் எல்லோருக்கும் அது வெறும் 'ஆயில்'தான். அது பிளாஸ்டிக்கோடு கலந்து கிடக்குமே தவிரப் பிணைந்துவிடாது, கொழுப்பைக் கண்டால் கழன்று வெளியே வந்துவிடும் என்று நாம் படித்திருந்தோம். வெளிநாட்டில் குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மைகளில் அதைத் தடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது நீ நான்காம் மாதம். மாத்திரையோடு கையுறையும் உன் பைக்குள் வந்தது அப்போதுதான்.

ஷிஃபா ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அகலம்கூட இல்லாத முதுகு. மூக்கு வழியாக ஒரு மெல்லிய டியூப். அதில்தான் உன் பால் சொட்டுச் சொட்டாக இறங்கியது. நான் பார்க்க வந்த அன்று நீ குழந்தையைக் காட்டவில்லை. டியூப்பைக் காட்டினாய்.

"நம்ம டியூப்டி."

உன் உதடு வெளுத்திருந்தது. நர்ஸ் அந்தச் சமயம் பழைய டியூப்பை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார். எடுத்ததைக் குப்பையில் போடப் போனவரிடம், "சிஸ்டர், அதை எனக்குக் குடுங்களேன்" என்று கெஞ்சி வாங்கினாய். விரலில் சுற்றப் பார்த்தாய். அது சுற்றவில்லை, குச்சி மாதிரி விறைத்து நின்றது. உள்ளே போகும்போது குழைவாக இருந்த டியூப்!

"ஆயில் எங்கடி போச்சு?" என்று கேட்டாய்.

 நாம் இருவரும் கண்ணாடிப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். 

நீ குழந்தையைக் கவனித்த டாக்டரம்மாவை வராந்தாவிலேயே மறித்துக்கொண்டாய். டியூப்பை எடுத்துவிடச் சொல்லி அழுதாய். அவர் கோபப்படவில்லை. "அந்த ஆயிலால என்ன ஆகும்னு எனக்கு நிச்சயமா தெரியாதும்மா. யாருக்குமே இன்னும் நிச்சயமா தெரியாது. ஆனா பால் போகலைன்னா என்ன ஆகும்னு எனக்கு நல்லாத் தெரியும்" என்றார். பிறகு அவரே வேறு பிளாஸ்டிக்கில் செய்த, இந்த ஆயிலே தேவைப்படாத டியூப் ஒன்றின் பெயரை எழுதிக் கொடுத்தார். வெளியூரிலிருந்து அது வந்து சேரும்வரை ஒவ்வொரு முறை பால் இறங்கும்போதும் நீ கண்ணை மூடிக்கொண்டாய். உன் உதடுகள் துஆ ஓதிக்கொண்டே இருந்தன.

குழந்தை தேறி வீட்டுக்கு வந்து, தவழ்ந்து, நடந்த பிறகு நீ வேலைக்குத் திரும்பினாய். முதல் நாளே ஆயிலை மாற்றச் சொல்லி முதலாளியின் அறைக்குப் போனாய். நானும் பின்னாலேயே வந்தேன்.

"கஸ்டமர் யாரும் கேக்கலையேம்மா. எல்லாரும் இதைத்தான் போடறாங்க" என்றார் அவர்.

நீ கைப்பையிலிருந்து அந்த விறைத்த டியூப்பை எடுத்து மேஜைமேல் வைத்தாய். "வளைச்சுப் பாருங்க சார். இது என் பொண்ணு மூக்குல இருந்தது."

அவர் வளைத்துப் பார்த்தார்.  "மெஷின் சும்மா இருக்கிற நாள்ல டிரயல் பண்ணிக்குங்க" என்றார் கடைசியில்.

முதலில் சோயா எண்ணெயிலிருந்து வருகிற ஒன்றை முயன்றோம். டியூப் அழகாக வந்தது. சில வாரங்களில் மேலெல்லாம் பிசுபிசுத்தது. மெஷின் ஆபரேட்டர் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "இன்னாம்மா இது, ஈப்பிடிக்கிற பேப்பர் மாரி கீது! பேஜாராப் போச்சு." எலுமிச்சை அமிலத்திலிருந்து செய்ததை அடுத்துப் போட்டோம். கிருமிநீக்கம் செய்ததும் டியூப் மங்கிப்போனது. மூன்றாவது திரவம் கெட்டியாக இருந்தது, மெஷினுக்கு அதிகச் சூடு கேட்டது, இரண்டு தடவை உள்ளேயே கருகியது. ஆனால் அதில் செய்த டியூப்பைச் சுடவைத்த எண்ணெயில் ஊறப்போட்டு எடுத்தபோதும் அது விறைக்காமல் குழைவாகவே இருந்தது. நீ அதை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாய். சிரிப்பாய் என்று காத்திருந்தேன்.

"இது கழண்டு வரலை, சரி. வந்தா என்ன பண்ணும்னு நமக்குத் தெரியுமாடி?" என்றாய்.

பச்சைக்குழந்தைகளுக்கான டியூப் மட்டும் அதற்கு மாறியது. மற்றதெல்லாம் இன்றைக்கும் பழைய ஆயிலில்தான் ஓடுகிறது.

போன வருஷ மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம்கூட நீ தாங்கவில்லை. நாம் டிரம்மைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தோம், கொசு வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது. நான் கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது உன் கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸ் டியூப்பை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். பழைய ஆயில் டியூப்தான்.

ஷிஃபா நன்றாக இருக்கிறாள். வகுப்பில் உயரமான பெண் அவள்தான். ஆனால் அந்த ஆயில் ஹார்மோன்களைக் குழப்பக்கூடும், வளரும்போதுதான் தெரியலாம் என்கிறார்கள். டாக்டர் 'நார்மல்' என்று சொல்லும்போதெல்லாம் உன் வீட்டுக்காரர் நிம்மதியாகச் சிரிக்கிறார். நான் அடுத்த பிறந்தநாளை நினைத்துக்கொள்கிறேன்.

உன் நாற்காலியில் இப்போது ஒரு புதுப் பெண் உட்கார்கிறாள். சீக்கிரம் கல்யாணம் ஆகப்போகிறவள். இன்று காலையில், "மேடம், இந்தப் புது ஆயில் சேஃப்தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவள் நிம்மதியாக வேலை பார்த்திருப்பாள். என்னால் முடியவில்லை. "இதுவரைக்கும் தப்பா எதுவும் தெரியலைம்மா. தெரியற வரைக்கும் நாமதான் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தவள், எழுந்துபோய்க் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டாள். நீ விட்டுப்போன பயத்தில் பாதியை அவளிடம் கொடுத்துவிட்டேன். மீதி என்னிடம் பத்திரமாக இருக்கிறது.