இருவர் பாயும் ஆட்டம்

நவம்பர் 19, சனி

மெல்ராய் 6, எங்கள் கில்டேர் 2. இளையோர் பனி ஹாக்கியின் பன்னிரண்டு அணிகளில் பத்தாவது இடம்.

முதல் இருபது நிமிடத்திலேயே நான்கு கோல் வாங்கிவிட்டோம். எதிராளியின் மூலைக்கு பக், அந்த ரப்பர் வட்டு, போனதும் எங்கள் ஆட்கள் இருவர் அதன்மேல் பாய வேண்டும். அதுதான் என் ஆட்டம். முந்தைய ஊரில் ஐந்து குளிர்காலம் இதையே ஆடவைத்தேன். இரண்டு முறை கோப்பை வந்தது. இங்கே இருவரும் மூலைக்குப் போய்ச் சேர்வதற்குள் பக் கைமாறிவிடுகிறது. அவர்கள் திரும்பி வருவதற்குள் கோல் விழுந்துவிடுகிறது.

மெல்ராய் கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள்: "டேய், டிராக்டரை விட்டு இறங்கி ஓடுங்கடா!" எங்கள் பசங்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 22

கோட்டுக்குக் கோடு வேக ஓட்டம், பன்னிரண்டு முறை. பன்னிரண்டிலும் கடைசியாக வந்தவன் கார்னெட் லலிபெர்ட்டே. அணித்தலைவன். இருபது வயது, இளையோர் ஆட்டத்தில் அவனுக்கு இதுதான் கடைசி வருடம். கதவு மாதிரி இருக்கிறான், கதவு மாதிரியே நகர்கிறான்.

என் உதவியாளர் ஒரெஸ்ட், பகலில் தானிய லாரி ஓட்டுகிறவர், கடிகாரத்தை என்னிடம் நீட்டினார். "ரோரி, உன் திட்டத்துல ஒரு குறையும் இல்லப்பா. ஆட வேற பசங்கதான் வேணும்."

நான் வந்த ஆகஸ்டில் அணி ஏற்கெனவே அமைந்திருந்தது. வேகமாகச் சறுக்கிய இருவரில் ஒருவனை அக்டோபரில் மேல்பிரிவு அணி கூட்டிக்கொண்டது. இன்னொருவனுக்குத் தோள் எலும்பு முறிவு. என் தவறா இது?

டிசம்பர் 3

3-5. தோல்விதான், ஆனால் மூன்றாம் பகுதியில், கடைசி இருபது நிமிடத்தில், ஒரு கோலும் வாங்கவில்லை. போன வாரமும் அப்படியே. துரத்தித் துரத்தி எதிராளியைக் களைக்க வைக்கிறோம், கடைசியில் பலன் தெரிகிறது என்று பசங்களிடம் சொன்னேன்.  கார்னெட் குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

டிசம்பர் 17

அணி நிர்வாகக் குழுவின் தலைவி டெல்ஃபீன் அரங்கத்துக் காபிக் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். சுற்றி வளைக்கவில்லை.

"முதல் எட்டு இடத்துக்குள்ள வந்து கோப்பைச் சுத்துக்குப் போகணும் ரோரி. மூணாவது வருஷமும் வெளியே நின்னா அணியை மூடிடலாம்னு குழுவில நாலு பேரு சொல்றாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் அஞ்சாவது ஆளா ஆகாம பார்த்துக்கோ."

அணி இல்லாத குளிர்காலத்தில் இந்த ஊர் என்ன செய்யும்? நான் என்ன செய்வேன்?

ஜனவரி 2

மெல்ராய் பயிற்சியாளர் தொலைபேசியில் அழைத்தார். பத்தாம் தேதி மதியம்வரை அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். பிறகு கையில் இருப்பவர்களை வைத்துத்தான். அவருக்குக் கார்னெட் வேண்டுமாம். பதிலுக்கு பதினெட்டு வயதுப் பையன் ஒருவனைத் தருகிறார். அவன் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். காற்று.

என் ஆட்டத்துக்கு வேண்டிய கால்கள் அவை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது?

ஜனவரி 5

சிக்கல் இதுதான்: கார்னெட் தங்கியிருப்பது டெல்ஃபீன் வீட்டில். வெளியூர்ப் பசங்களை ஊர்க் குடும்பங்கள்தான் வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்டுப் பார்த்துக்கொள்கின்றன. மூன்று வருடமாக அவன் அவருடைய மேஜையில் சாப்பிடுகிறான், அவருடைய வாசலில் பனி அள்ளுகிறான்.

சொன்னேன். டெல்ஃபீன் கையுறையைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார்.

"ஆட்டம் உன் வேலை. என்கிட்ட அனுமதி கேக்காதே. ஆனா அவனை அனுப்புறதுன்னா நீயே கூப்பிட்டுச் சொல்லு. என் வாயால சொல்ல வச்சுடாதே."



ஜனவரி 8, ஞாயிறு

காலையில் ஒரெஸ்ட் வீட்டில். அவர் மகள் மேல்வரிசையிலிருந்து எடுத்த ஆட்ட வீடியோக்கள், பதினான்கு. மாற்றத்தைக் குழுவிடம் நியாயப்படுத்தக் கணக்கு வேண்டும் என்றுதான் போனேன். எத்தனை முறை கார்னெட் தாமதமாக வருகிறான் என்று எழுதப்போனேன்.

எழுதியது வேறு.

முதல் இரண்டு பகுதிகளில் நாங்கள் வாங்கிய கோல் 47. மூன்றாம் பகுதியில் 6.

மூன்றாம் பகுதியில் இருவர் பாய்வதே இல்லை. ஒருவன் மட்டும் போகிறான். மற்ற நால்வரும் அரங்கத்தின் நடுவில் குறுக்கே சுவர் வைத்ததுபோல் நிற்கிறார்கள். எதிராளி வழி தெரியாமல் பக்கைத் தட்டிவிடுகிறான். எங்கள் பெரிய உடம்புகள் அதன்மேல் சாய்ந்து எடுத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு முறையும் ஆட்டம் மறுபடி தொடங்குமுன் கார்னெட் இருபக்கமும் போய் ஏதோ சொல்கிறான்.

பக்கவாட்டில், பசங்களின் தோள் உயரத்தில் நின்று பார்க்கிற எனக்கு ஒருவன் பாய்வதும் மற்றவன் பிந்துவதும்தான் தெரிந்தது. அவனுக்குக் கால் தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன். திட்டினேன். அவர்கள் என் ஆட்டத்தைக் கைவிட்ட நேரத்தை என் ஆட்டத்தின் பலன் என்று அவர்களிடமே சொல்லியிருக்கிறேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று ஒரெஸ்டைக் கேட்டேன்.

"சந்தேகம் இருந்துச்சு." காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "நீ ரெண்டு கோப்பை வாங்கினவன். நான் லாரி ஓட்டுறவன்."

ஜனவரி 9

பயிற்சிக்கு முன் கார்னெட்டை அறைக்குக் கூப்பிட்டேன். கதவருகிலேயே நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்கே கோச்?"

"என்ன எங்கே?"

"எந்த ஊருக்கு அனுப்புறீங்க?"

அப்போதுதான் புரிந்தது. இந்த மாதத்தில் கதவைச் சாத்தி ஒருவனைக் கூப்பிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உட்காரச் சொன்னேன். ஆட்டம் தொடங்குமுன் பசங்களிடம் என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். இன்னும் பயந்துவிட்டான்.

"மன்னிச்சிடுங்க கோச். மூணாவது பகுதியில பசங்களுக்குக் கால் செத்துப்போகுது. ஒருத்தன் மட்டும் போங்கடா, மத்தவங்க நடுவுல நில்லுங்கடான்னு சொன்னேன். உங்க திட்டத்தைக் குறை சொல்லல..."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல கோச்."

பலகையை அவன் பக்கம் திருப்பி, வரைந்து காட்டச் சொன்னேன். மூலையில் ஒரு புள்ளி வைத்தான். பிறகு நடுவில் நான்கு.

ஜனவரி 10

பதினொன்றே முக்காலுக்கு மெல்ராய் பயிற்சியாளரை அழைத்தேன். வேண்டாம் என்றேன். "உன் ஆட்டத்துக்கு அவன் ஒத்து வரமாட்டானேப்பா" என்றார். தெரியும் என்றேன்.

பன்னிரண்டு அடித்துவிட்டது. இனி மாற்ற வழியில்லை.

ஜனவரி 14

முதல் நிமிடத்திலிருந்தே ஒருவன் முன்னே, நால்வர் நடுவில். 0-1. தோல்வி. ஒன்பதாவது இடம்.

தவறிவிட்டேனா?

ஜனவரி 28

2-1. 1-0. 2-2. நேற்று 2-1, வெற்றி.

காபிக் கடையில் தாத்தாக்கள்: "ரோரி, தலையணை கொண்டுவரலாமா அடுத்த ஆட்டத்துக்கு?" எனக்கும் கொட்டாவி வருகிறது. வாய்க்குள்ளேயே விட்டுக்கொள்கிறேன்.

பிப்ரவரி 25, சனி

கடைசி ஆட்டம், மெல்ராயுடன், எங்கள் அரங்கத்தில். வென்றால் எட்டாவது இடம். தோற்றால் ஒன்றுமில்லை.

நான்கு நிமிடம் மிச்சம், 2-1 முன்னிலை. பக் அவர்களுடைய மூலைக்கு உருண்டது. அவர்கள் ஆள் தடுமாறி விழுந்தான். என்னையறியாமல் பெஞ்சின்மேல் ஏறி நின்று கத்திவிட்டேன்: "ரெண்டு பேர் போங்கடா! போங்க!"

யாரும் போகவில்லை. விழுந்தவன் எழுந்தான், பக்கைத் தட்டிவிட்டான், அது நேரே கார்னெட்டின் மட்டைக்கு வந்தது. அவன் அதைச் சுவரோரமாக மறுபடி அவர்கள் மூலைக்கே தள்ளிவிட்டான். 2-1 ஆகவே முடிந்தது.

கூட்ட இரைச்சலில் நான் கத்தியது யாருக்கும் கேட்டிருக்காது என்கிறார் ஒரெஸ்ட். கேட்டது. கார்னெட் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, தன் இடத்திலேயே நின்றான்.