ஒரு விரல் பெற்றோல்

உன் போத்தலில் இருந்த பெற்றோலைத் திருடியவன் நான்.

இன்று காலை மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் அடிக்கப் போனேன். வரிசை இல்லை. அடிப்பவர் யாருடனோ கதைத்தபடி டாங்கியை வழியவிட்டார். என் காலெல்லாம் பெற்றோல். அந்த மணத்தோடு வேறெங்கும் போக முடியவில்லை மச்சான். நேரே பனிச்சங்கேணிக்கு, உன் வீட்டுக்குப் போனேன்.

எண்ணெய்க்காக நாடே தெருவில் கிடந்த அந்த மாதங்களில், உனக்கு மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரிய பாடு. உன் படகின் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடும்; ஆறிவிட்டால் அதில் பற்றாது. முதலில் கொஞ்சம் பெற்றோல் கொடுக்க வேண்டும். வயல் வட்டைக்கு அப்பால் காடு எரிந்த அன்று நீ கையை நீட்டிக் காட்டினாய். “பாரு, சருகுதான் முதல்ல பத்துது. மறுகாத்தான் மரம். என்ட எஞ்சினும் இதே சாதிதான்.”

அதற்காகவே படகின் முன்பக்க அணியத்தில் ஒரு லீற்றர் சோடாப் போத்தலைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தாய். கரையில் புறப்பட, எஞ்சினுக்குள் முதல் நாளே விட்டுவைத்த பெற்றோல் போதும். வலையை இழுத்து முடிக்கும்போது எஞ்சின் ஆறியிருக்கும். கரைக்குத் திரும்புவது அந்தப் போத்தலை நம்பித்தான். மூன்று நாள் வரிசையில் நின்று வெறுங்கையோடு வந்தவன்கூட இன்னொருவனின் அணியப் போத்தலில் கைவைக்கமாட்டான்.

நான் வைத்தேன். வாழைச்சேனையில் ஆர்ப்பாட்டம். மீன்பிடிப்பவர்களுக்கு எண்ணெய் கொடு என்று கத்துவதற்குப் போக என்னிடம் எண்ணெய் இல்லை. முழுவதையும் எடுக்கவில்லை, ஒரு விரல் உயரம் விட்டேன். உன்மேல் இரக்கப்பட்டு அல்ல. சாக்கோடு தூக்கினால் உள்ளே ஏதாவது அசைய வேண்டும் என்பதற்காக. அங்கே வாங்கிவந்து ஊற்றிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு துளிகூடக் கிடைக்கவில்லை.

மறுநாள் விடியப் படகைத் தள்ள வந்தேன். நீ தனியாகப் புறப்பட்டாய். “ஆள் ஏறினா அவன்ட பாரத்துக்கும் எண்ணெய் எரியும்டா.” நான் போனில் காட்டிய ரொக்கட் வீடியோவைப் பார்த்து நீ சிரித்ததும் அதைச் சொல்லித்தானே! “தன்ட எண்ணெயத் தூக்கவே எண்ணெய் எரிக்குது, விசர் வேலை. என்னட்டத் தந்தா பாதி எண்ணெயில கொண்டுபோவன்.”

தண்ணீர் இடுப்பளவு வந்தபோது கேட்டாய். “போத்தல் கிடக்காடா?”

“ஓம், கிடக்கு.”

உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

மத்தியானம் கச்சான் பலத்தது. கரையிலிருந்து வெளியே தள்ளுகிற காற்று. உன்னைத் தேடிப் போகப் படகுகள் இருந்தன, ஆட்கள் இருந்தார்கள், எண்ணெய் இல்லை. ஆட்சியில் இருந்த பெரியவர்களின் வாகனங்கள் மட்டும் அந்த வாரமும் ஓடின. நாலாம் நாள் வேறு ஊர் ஆட்கள் உன் படகைக் கட்டியிழுத்து வந்தார்கள். டாங்கியில் பாதி மண்ணெண்ணெய். போத்தல் மூடி திறந்து காய்ந்து கிடந்தது. நீ இல்லை.

உனக்காக நடந்த கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து, இவனைக் கொன்றது இந்த ஆட்சி என்று பேசினேன். சனம் கைதட்டியது. நான் பேசியது பொய்யில்லை. என் பங்கை மட்டும் விட்டுவிட்டேன்.

இன்று வசந்தி முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உன் மனைவி என்னை ஏசுவாள், மீன் தண்ணீரை என்மேல் ஊற்றுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“நானும் எடுத்தன் அண்ணன்.”

எனக்கு விளங்கவில்லை.

“நீங்க எடுத்த அண்டைக்குப் பின்னேரம். காஸ் இல்ல, பச்ச விறகு, எவ்வளவு ஊதியும் பத்துதில்ல. பிள்ளைக்குப் பால் காய்ச்சோணும். போட்டுக்குப் போய் ரெண்டு மூடி எடுத்தன். போத்தல்ல கொஞ்சமாத்தான் கிடந்திச்சு. அவர் மறுகா ஊத்துவார் எண்டு நினைச்சன். அந்த ரெண்டு மூடியாலதான் அவர் வரல்ல எண்டு இவ்வளவு காலமும்…”

இத்தனை வருடமும் நான் மேடை மேடையாக ஆட்சியைத் திட்டிக்கொண்டு திரிய, இவள் என் களவையும் சேர்த்துத் தன் தலையில் வைத்திருந்திருக்கிறாள். அடுப்பு மூட்டும் ஒவ்வொரு தடவையும்.

கையைத் துடைத்துக்கொண்டு எனக்குக் கிட்ட வந்தாள்.

“நீங்க விட்டு வச்சதில நான் கைவைக்காம இருந்திருந்தா எஞ்சின் பத்தியிருக்குமா? படிச்ச நீங்கதானே, சொல்லுங்க.”

பற்றியிருக்காது என்று ஒரு சொல் சொன்னால் அவளுக்குப் போதும். ஆனால் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்தது போல அந்த வீட்டுக்கு இன்னொரு தடவை சொல்ல வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். நாளைக்கும் கேட்பாள்.

அந்த எஞ்சினை அறிந்தவன் நீ ஒருவன்தான். அந்தப் போத்தலைக் கடைசியாகத் திறந்தவனும் நீதான். ஒரு விரல் பெற்றோலில் அது பற்றுமா, பற்றாதா? எனக்காகச் சொல்ல வேண்டாம். அவளுக்காகச் சொல்லு மச்சான்.