ஞானதுரை கடையில் நூற்றிருபது பிரதிகள்

1979 ஜனவரி 17, புதன். தேனி

மெட்ராஸ் பார்சல் வந்துவிட்டது. லாரி ஆபீசில் கையெழுத்துப் போட்டு எடுத்து, ரிக்‌ஷாவில் ஏற்றி, ஞானதுரை கடையில் இறக்கினோம். ‘செய்தியில் வராதவர்கள்’ – நூற்றிருபது பிரதிகள். இருபத்தாறு வருடம் மதுரைப் பத்திரிகைக்குத் தேனி நிருபராக இருந்ததில், பத்திரிகைக்குத் தேறாமல் என் குறிப்பேட்டிலேயே தங்கிவிட்ட மனிதர்களைப் பற்றியது. அட்டையில் மாட்டுவண்டி. உள்ளே ஓரிடத்திலும் மாட்டுவண்டி கிடையாது. முன்பே எழுதிக் கேட்டிருந்தேன். “கிராமம் என்றால் அதுதான் போகும்” என்று பதிப்பாளர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

ஞானதுரை கடையில் முன்பக்கம் நோட்டு, பேனா, கைடு. பின்பக்கம் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம். பரீட்சைக்காக இல்லாமல் சும்மா படிக்க ஒரு புத்தகம் வேண்டுமென்றால் இந்தப் பக்கத்தில் அந்த இரண்டு அலமாரிதான். கட்டடம் அவருடைய அண்ணனுக்குச் சொந்தம். அண்ணனுக்கு அந்த இடத்தில் தண்ணீர் மோட்டார் விற்க வேண்டும்.

“ஜூன்ல பள்ளிக்கூடம் தெறக்குறதுக்குள்ள இதப் பூரா வித்துக் காட்டு, அலமாரி இருந்துட்டுப் போகட்டும்னு சொல்லிட்டாக,” என்றார் ஞானதுரை. அதை நம்பித்தான், திருப்பி அனுப்ப முடியாது என்ற நிபந்தனைக்கும் ஒப்புக்கொண்டு வாங்கியிருக்கிறார். போடி முதல் கூடலூர் வரை வேறு எவரிடமும் இந்தப் புத்தகம் கிடைக்காது என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

ஜனவரி 26

இதுவரை ஓசிப் பிரதி கேட்டவர்கள்: தாலுகா ஆபீசில் மூன்று பேர், பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர், என் பல் டாக்டர், இரண்டு தலைமையாசிரியர்கள், மனைவியின் சித்தப்பா. காசு கொடுத்து வாங்கியவர்: ஆஸ்பத்திரி கம்பவுண்டர்.

பிப்ரவரி 4, ஞாயிறு

வியாபாரிகள் சங்கக் கட்டடத்தில் அறிமுக விழா. தலைமை, பஞ்சு மில் முதலாளி மொக்கைச்சாமி. ஐம்பத்திரண்டு நிமிடம் பேசினார் – கடிகாரம் பார்த்துக் குறித்தேன், பழக்கம். அதில் நாற்பது நிமிடம் அவர் டெல்லி போய் வந்த கதை. கடைசியில் என் பக்கம் திரும்பி, குரல் தழுதழுக்க, “இப்பேர்ப்பட்ட எழுத்தாளர நாம ஆதரிக்கணும். வேலுச்சாமி, நம்ம மில்லு ஆளுகளுக்கு ஒரு பத்துப் புஸ்தகம் குடுத்துவிடு” என்றார். பலத்த கைதட்டல்.

வாசலில் ஞானதுரை மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தவர்கள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எழுதுனவருட்டயே கேட்டா சும்மா குடுப்பாருல்ல” என்று அவரிடமே யோசனை கேட்டிருக்கிறார்கள். விற்றது ஒன்பது.

வீட்டுக்கு வந்தால் பாண்டியம்மாளின் கோர்ட்டு. “எங்க சித்தப்பாவுக்கு ஒண்ணு குடுத்தா என்ன, கையா கொறஞ்சுபோகும்?”

“கடையில வாங்கச் சொல்லு.”

“கட்டுன பொண்டாட்டிக்காவது ஓசியா, நானும் ஞானதுரை கடைக்குத்தான் போகணுமா?”

பிப்ரவரி 22

மகன் செல்வமணி கூடலூரிலிருந்து வந்தான். ஏலக்காய் வியாபாரம், குமுளிக்கு ஓட இரண்டு ஜீப். அடுத்த மாதம் ஓடைப்பட்டியில் என் மகள், அவன் தங்கை ராஜாத்தியின் மகனுக்குக் காதுகுத்து, இவன்தான் தாய்மாமன். சீர் பற்றி அவன் அம்மாவோடு ஒரு மணி நேரம் பேசினான். புறப்படும்போது பதிப்பாளர் விலாசம் கேட்டான். கொடுத்தேன்.

எதற்கு என்று கேட்கவில்லை. ஊரில் எல்லாரையும் எதற்கு என்று கேட்டுப் பிழைத்தவன் நான்.

மார்ச் 11, ஞாயிறு. ஓடைப்பட்டி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பத்து மணிக்குத் தாய்மாமன் சீர் வந்தது. முன்னால் மேளம். பிறகு வேட்டி சேலைத் தட்டு, பழத்தட்டு, வளையல் தட்டு, கடுக்கன் தட்டு. அதற்குப் பின்னால் இருபது பெண்கள், தலைக்கு ஒரு தாம்பாளம், தாம்பாளத்துக்குப் பத்து மாட்டுவண்டி. என் புத்தகம். ஒவ்வொன்றின் அட்டையிலும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்திருந்தது. மைக் செட்டுக்காரன் அறிவிக்கிறான்: “தாய்மாமன் செல்வமணி அவர்கள், தமது தந்தையார் இயற்றிய நூலைச் சீராகக் கொண்டுவருகிறார்கள்.”

இருநூறு பிரதி. பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர்களுக்கெல்லாம் வெற்றிலை, தேங்காய், புத்தகம். தேனி, போடி, கம்பம், சின்னமனூர் – எழுதப் படிக்கத் தெரிந்த சொந்தக்காரன், தெரிந்தவன், வாத்தியார், பேங்க்காரன், ஒருத்தன் பாக்கியில்லை. மொக்கைச்சாமி தன் மில் ஆட்களுக்கென்று எட்டு எடுத்துக்கொண்டார்.

ஞானதுரையையும் நான்தான் அழைத்திருந்தேன். அவருக்கும் ஒன்று கொடுத்தார்கள். தேங்காய்ப் பையை ஒரு கையிலும் புத்தகத்தை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, “வர்றேன் நிருபரய்யா, ஒண்ணே முக்கால் பஸ்ஸு இருக்கு” என்றார்.

பேரன் அப்போது மாமன் மடியில். காது குத்தி, வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். அந்த இடத்தில் செல்வமணியை எழுப்பி என்ன கேட்பது?

மார்ச் 12

கேட்டேன்.

“ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லணுமா வேண்டாமாடா?”

“சொன்னா வேணாம்பீக.”

“வாங்குறதுதான் வாங்குன, ஞானதுரை கடையில வாங்கித் தொலைக்கக் கூடாதா?”

“மெட்ராஸ்ல மொத்தமா எடுத்தா பாதி வெலங்கிறாக. நான் யாவாரிப்பா. பாதிக்குக் கெடைக்கிறத முழுசாக் குடுத்து வாங்குவனா?” பிறகு குரல் மாறிவிட்டது. “சீர்ல மாமன் பித்தளை அண்டா வப்பான், பீரோ வப்பான். நான் எங்கப்பனத் தலையில தூக்கி வச்சுக் கொண்டாந்தேன். அதுக்கு இந்தப் பேச்சா?”

பாண்டியம்மாள் அடுப்படியிலிருந்து, “ஊரு ஒலகத்துல புள்ளைக தகப்பன் பேரக் கெடுக்குதுக. இவருக்கு வாச்சது பேரச் சொமந்தும் ஏச்சு வாங்குது” என்றாள்.

அவன் சாப்பிடாமல் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 15

ஞானதுரையிடம் நேரில் போய்ச் சொன்னேன். என் வாக்கு போய்விட்டது. பதிப்பாளர் பிரதிகளைத் திரும்ப எடுக்க மாட்டார். மிச்சத்தை நானே வாங்கிக்கொள்கிறேன்.

“நீங்களே வாங்கிட்டா அது வித்ததாகுமா? எங்கண்ணன் வீட்டாளுகளும் காதுகுத்துக்கு வந்திருந்தாக. அண்ணன் அந்தப் புஸ்தகத்த மடியில வச்சுக்கிட்டுத்தான், ‘ஏண்டா, ஊரே சும்மா வச்சிருக்கிறத நீ யாருக்குடா விப்ப?’ன்னு கேட்டாக.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நல்லாருக்காம். பாதி படிச்சுட்டாகளாம்.”

அலமாரியில் தொண்ணூற்றெட்டு.

மார்ச் 31

தொண்ணூற்றெட்டு.

ஏப்ரல் 9, திங்கள்

பதினொரு மணிக்குக் கடையில் இருந்தேன். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, எழுபதை நெருங்கும் ஒருவர் படியேறி வந்தார். கையில் சந்தனம் தொட்ட மாட்டுவண்டி.

“இத எழுதுன ஆளு இங்கன வருவாராமே?”

“நான்தான்.”

ஏற இறங்கப் பார்த்தார். “நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல என்னயக் கொன்னுருக்கீக.”

கருத்தக்கண்ணன். காமயகவுண்டன்பட்டி. இரண்டு முறை பந்தல் சாய்ந்து, மூன்றாவது முறை கல்லுத்தூண் நட்டுத் திராட்சையை நிறுத்தியவர். பல வருடம் முன்பு ஒரே ஒரு நாள் சந்தித்ததை வைத்து அவரைப் பற்றி ஆறு பக்கம். கடைசி வரி: ‘1974-இல் அவர் காலமானார்.’

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. “டீக்கடையில வாத்தியாரு சத்தமா வாசிக்கிறாரு. சொசைட்டியில உரத்துக்குக் கையெழுத்துப் போட்டா, செத்தவரு கையெழுத்துச் செல்லுமான்னு கிளார்க்கு கேக்குறான். அதக்கூட விட்டுறலாம். பேத்திய நிச்சயம் பண்ணப்போற வீட்ல, பெரியவருன்னு சொல்லி வேற ஆரயோ உக்கார வச்சிருக்கீகளான்னு கேட்டுவிட்டாக.”

நினைவு வந்தது. எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும், அதுதான் பொறுக்கவில்லை. எழுபத்து நான்கில் கம்பம் பஸ்ஸில் போகும்போது அவர் வீட்டு வாசலில் பந்தலைப் பார்த்தேன், சங்குச் சத்தம் கேட்டேன். திராட்சைத் தோட்டத்து வீட்டில்தான் சாவு என்றார் கண்டக்டர். குறித்துக்கொண்டேன். இறங்கவில்லை. இறந்தது அவர் அண்ணன்.

இருபத்தாறு வருடத்தில் சாவுச் செய்தியை விசாரிக்காமல் அனுப்பியதில்லை. ஒரு ஸ்டாப். இறங்கிக் கேட்டிருந்தால் பத்து நிமிடம்.

பத்திரிகையில் மறுப்புப் போடுகிறேன் என்றேன். “போடுங்க. பேப்பர்ல மறுநா வடை மடிச்சிருவான். புஸ்தகம் வீட்ல கெடக்கும்ல? எம் பேரன் பேத்தி எடுக்கிற வரைக்கும் நான் அதுல செத்தே கெடக்கவா?”

ஏப்ரல் 11. காமயகவுண்டன்பட்டி

இந்த முறை இறங்கினேன். காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை அவர் தோட்டத்தில் இருந்தேன். நான் எழுதாமல் விட்டவற்றையும் எழுபத்து நான்குக்குப் பிறகு நடந்தவற்றையும் வரிசையாகச் சொன்னார். சாம்பல் நோய் வந்த வருடம், கிணறு வற்றிய வருடம், அப்போது தண்ணீர் விட்டவர்கள், கடனுக்குப் பந்தல் கம்பி கொடுத்தவர், கல்லுத்தூண் சுமந்தவர்கள். நாற்பத்தொரு பெயர். ஒவ்வொரு பெயரையும் இரண்டாவது ஆளிடம் கேட்டுச் சரிபார்த்தேன். அவர் மனைவி இருளம்மாள், “இம்புட்டு வெசாரிக்கிறவரு அன்னைக்கு என்னத்துக்கு அவசரப்பட்டீக?” என்றார்கள். மோர் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார்கள்.

ஏப்ரல் 17

நாலு பக்கம். தலைப்பு: ‘தவறு என்னுடையது’. தேனி அச்சகத்தில் அடித்து, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒட்டுவதாக ஏற்பாடு. பழைய வரியை ஒவ்வொரு பிரதியிலும் நானே சிவப்பு மையால் அடித்துக் கையெழுத்திடுகிறேன். தொண்ணூற்றெட்டுக் கையெழுத்து.

காதுகுத்தில் பிரதி வாங்கியவர்களுக்கும் அந்த நாலு பக்கத்தைச் சும்மா கொடுப்பதுதான் முறை என்று எனக்குப் பட்டது. ஞானதுரையும் பெருமூச்சு விட்டுச் சரி என்றார். அச்சானதைப் பார்த்துச் சரி சொல்ல வந்திருந்த கருத்தக்கண்ணன் கையை நீட்டித் தடுத்தார்.

“ஓசியில வாங்குன புஸ்தகத்துலதான் நான் செத்தேன். உசுரோட வேணும்னா காசு குடுத்து வாங்கட்டும்.”

இரண்டு வரி மறுப்பு மட்டும் நாளைக்குப் பத்திரிகையில் வரும்.

ஏப்ரல் 24

காமயகவுண்டன்பட்டியிலிருந்து பதினான்கு பேர். ஒட்டிய பக்கத்தைக் கடையிலேயே விரித்து, விரல் வைத்துப் பெயர் தேடுகிறார்கள். கல்லுத்தூண் சுமந்த ஒருவர் தன் பெயரைக் கண்டுபிடித்து இரண்டு பிரதி வாங்கினார். ஒருத்தர், “கம்பி குடுத்தது அவுக இல்ல, எங்கய்யா” என்று சண்டை. மறுபடியும் விசாரிக்க வேண்டும். தலைவலி.

மே 2

சம்பந்தி வீட்டுக்காரர்கள் ஏழு. சொசைட்டி கிளார்க் ஒன்று – கருத்தக்கண்ணன் பின்னாலேயே நின்று வாங்க வைத்தாராம்.

மே 13, ஞாயிறு

செல்வமணி வந்தான். வீட்டுக்கு வரவில்லை, கடைக்கு. இரண்டு மாதமாகப் பேச்சில்லை. கவுண்டரில் நின்று, என்னைப் பார்க்காமல் ஞானதுரையிடம், “அண்ணாச்சி, ஒண்ணு குடுங்க. வெல கொறைக்க வேணாம்” என்றான். ஓரமாக நின்று படித்தான். இருநூறு வாங்கியவன் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முக்கால் மணி நேரம். பிறகு நிமிர்ந்தான்.

“இந்தக் கூடலூர் டிரைவர் கதை நெசமாப்பா? அந்த ஆளுட்டத்தான் நான் ஜீப் பழகுனேன்.”

“நெசந்தான். வெசாரிச்சு எழுதுனது.”

“இத வெசாரிச்சீகளாக்கும்,” என்று சிரித்தான். கோபம் வந்தது. ஆனாலும் அவனோடு ஜீப்பில்தான் வீட்டுக்குப் போனேன். பாண்டியம்மாள் முட்டை பொரித்தாள்.

மே 30

நாற்பத்தொரு பெயர்களின் வீட்டாரும், காதுகுத்தில் சும்மா வாங்கியவர்களும் வந்து வந்து எல்லாம் தீர்ந்தது. கடைசிப் பிரதி, மொக்கைச்சாமியின் டிரைவர். முதலாளி எட்டுப் புத்தகத்தில் ஒன்றைக்கூட அவருக்குத் தரவில்லையாம்.

ஜூன் 4, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. கடையில் கைடு வாங்கும் கூட்டம். ஞானதுரையின் அண்ணன் வந்தார். என் புத்தகம் இருந்து வெறுமையான தட்டுகளை மேலும் கீழும் பார்த்தார்.

“வித்துட்டியே,” என்றார். “அப்ப எடந்தான் காலியாக் கெடக்கே. ரெண்டு மோட்டார வைக்கவா?”

ஞானதுரை நோட்டுக் கட்டைக் கீழே வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அண்ணன் எதிரிலேயே மெட்ராசுக்கு ஆர்டர் எழுத உட்கார்ந்தார். ஒரு பெயர் எழுதுவார், நிமிர்ந்து தட்டைப் பார்ப்பார், அடுத்த பெயர். கடைசித் தட்டு நிறையும்வரை எழுதினார். அண்ணன் பட்டியலை எட்டிப் பார்த்தார். “மோட்டார வாசல்ல வச்சுக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பட்டியலை வாங்கிப் படித்தேன். முப்பத்தாறு நூல்கள். மறுபடியும் மேலிருந்து படித்தேன்.

“எம் புஸ்தகத்த விட்டுட்டீகளே.”

“ஒங்க புஸ்தகம் இல்லாத வீடு எங்கன இருக்கு நிருபரய்யா? மத்த ஆளுகளும் எழுதிருக்காகள்ல.”

நாலு மணிக்குத் தபால் எடுப்பதற்குள் போய்ச் சேர வேண்டும் என்றார். அவருக்குக் கடையில் கூட்டம். கவரை நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன்.