பல்லவிக்கு முன்னால் ஒரு மூச்சு

அன்புள்ள ஆர்டெல்லா அக்காவுக்கு, கோர்லிஸ் எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தில் இங்கே எல்லோரும் காலூன்றி நிற்கிறோம், நீயும் அங்கே லாஸ் ஏஞ்சலஸ் வெயிலில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறோம். இப்படித்தான் தொடங்கச் சொல்வாள் அம்மா. சலவைக் கடையில் நீராவி இஸ்திரிக்குள் வலது கை மாட்டியதிலிருந்து அவளால் பேனா பிடிக்க முடியவில்லை, அவள் சொல்லச் சொல்ல உனக்கு நான்தான் எழுதிவந்தேன், சபைப் பாட்டை விட்டு உலகப் பாட்டு பாடிவிட்டாய் என்று, உன் இசைத்தட்டு வந்ததும் சொல்வதை நிறுத்தினாள், நானும் நிறுத்தினேன். நாளைக்கு மறுபடியும் சொல்லப்போகிறாள். அது உன் கைக்கு வருமுன் இது வந்தாக வேண்டும். எல்லோரும் தூங்கிய பிறகு குளியலறைத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து எழுதுகிறேன், வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் குழாய் டங்கென்று அடிக்கும்போதெல்லாம் அம்மா எழுந்துவிட்டாளோ என்று காகிதத்தை மறைக்கிறேன், எழுத்து கோணினால் சிரிக்காதே.

பனி இன்னும் உருகவில்லை, கொலம்பியா அவென்யூ முழுக்கக் கறுத்த சேறு. சபையில் மதர் பர்னெலுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, ஆனாலும் முதல் வரிசையை விட்டுக்கொடுக்கவில்லை. உன் பாட்டு இல்லாத இடம் இந்த ஊரில் இல்லை. "விடிஞ்சா விடியட்டும்" என்று பேருந்து ஓட்டுநர் சீட்டியடிக்கிறார், மீன் கடையில் மீன் வெட்டுகிறவர் அந்தத் தாளத்தில் கத்தியைப் போடுகிறார். ஸ்கேட்டிங் தளத்தில் என்ன நடக்கிறது தெரியுமா, பல்லவிக்கு முன்னால் எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்கிற இடத்தில் ஒரு மூச்சு வருகிறதே, அந்த இடத்தில் அத்தனை பேரும் ஒற்றைக் காலைத் தூக்கி நின்று, சேர்ந்து மூச்சை இழுத்து, அப்புறம்தான் சுற்றுகிறார்கள். அதற்காகவே காசு கொடுத்து வருகிறார்கள். நான் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இத்தனை பேரும் என் மூச்சை விடுகிறார்கள், ஒருத்தருக்கும் என் பெயர் தெரியாது.

உனக்கு மறந்திருக்காது. நான் வேதாகம வகுப்பில் இருக்கிறேன் என்று அம்மா நினைத்திருக்க, ஷூ வாங்கலாம் என்று சொல்லி நீதான் என்னை அந்த மாடி ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனாய். வயலின்காரர்கள் சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டு வியர்த்துக்கொண்டு வாசித்தார்கள். கை தட்ட ஆள் போதவில்லை என்று, பாட்டுக்கு இசையமைத்த ஃபென்விக் அய்யா என்னையும் ஒரே மைக்கைச் சுற்றி நின்ற கூட்டத்தில் சேர்த்துவிட்டார். பல்லவிக்கு முன் எல்லோரும் அசையாமல் நிற்க வேண்டும் என்று சொன்னார், நான் அசையவில்லை, ஆனால் பாட்டு தொடங்கப் போகிறது என்றதும் சபைக் கொயரில் அம்மா பழக்கியபடி மூச்சு தானாக உள்ளே போய்விட்டது. மூச்சு சத்தமாகக் கேட்க வேண்டும், ஆண்டவர் வீட்டுக் கதவைத் தட்டாமல் உள்ளே போகக் கூடாது என்பாளே, அந்த மூச்சு. ஒலிப்பதிவுக்காரர் யாரம்மா அது குதிரை மாதிரி என்று கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். அதை வெட்டப் போனவரைத் தடுத்தது ஃபென்விக் அய்யாதான். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டு, "விடுப்பா, அது இருக்கட்டும். ஆடுறவன் இதுக்குத்தான் காத்துக்கிட்டு நிப்பான்" என்றார். இசைத்தட்டின் அட்டையில் உன் பெயர் இருக்கிறது, அவர் பெயர் இருக்கிறது, வயலின்காரர்கள் பெயர்கூட இருக்கிறது. கைதட்டல் நண்பர்கள் என்று ஒரு வரி. அந்த நண்பர்களில் நான் ஒருத்தி.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன் அக்கா. போன சனிக்கிழமை டிவியில் உன் பக்கத்தில் நின்றாளே மார்வெட் என்று ஒருத்தி, வெள்ளிச் சட்டையும் அவளும், வாத்தியம் நின்றதும் மைக்கை வாயருகே வைத்து மூச்சை இழுத்தாள், கேமரா அவள் உதட்டுக்கே போனது, கூட்டம் கத்தியது. நீ அவள் தோளில் கை போட்டாய். அது யாருடைய மூச்சு என்று திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என் வகுப்புத் தோழி ஜெனீவிடம் சொன்னேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. "மூச்சு விட்டதுக்கும் பேரு வேணுமாடி உனக்கு? அப்ப நான் தும்மினதுக்கு ஒரு தட்டு போடச் சொல்லு" என்றாள். அன்றிலிருந்து நான் வகுப்புக்குள் நுழைந்தால் பின்வரிசையில் தும்முகிறார்கள்.

இப்போது அம்மா விஷயம். கடை முதலாளி கல்லாவுக்கு மேல் சின்ன டிவி வைத்திருக்கிறார் அல்லவா, அம்மாவும் அந்த நிகழ்ச்சியைப் பார்த்திருக்கிறாள். பாட்டைக் காதில் வாங்க மாட்டேன் என்று இத்தனை நாள் இருந்தவள், இஸ்திரிப் பெண்கள் எல்லோரும் கையை நிறுத்தி மூச்சிழுப்பதைக் கண்டு திடுக்கிட்டுப்போய், அன்று மாலை இசைத்தட்டுக் கடை வாசலில் ஒலிபெருக்கிக்கு அடியில் நின்று அந்த ஒரு இடத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தாள். வியாழக்கிழமை கொயர் பயிற்சியில் எங்களை ஒவ்வொருவராக எழுப்பி மூச்சு இழுக்கச் சொன்னாள். நான் ஸ்டுடியோவுக்கு வந்தது தெரிந்தால் தோலை உரிப்பாள், அதைவிட, கொயரைவிட்டு நிறுத்திவிடுவாள். என் முறை வந்தபோது பயத்தில் மார்வெட் மாதிரியே தோளைத் தூக்கி, சத்தமில்லாமல் கொஞ்சமாக இழுத்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். "உனக்கு இன்னும் வரல. உக்காரு" என்றாள்.

வீட்டுக்கு வந்து இடது கையால் கீரைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள், "இத்தனை வருஷம் கத்திக் கத்திச் சொல்லியும் டெல்லாவுக்கு ஏறலன்னு ரெண்டாவது வரிசையில நிறுத்தினேன். தப்பு என்மேலதான். பாட்டு உலகத்துக்குப் போயிடுச்சு, மூச்சு இன்னும் நம்ம வீட்டுலதான் இருக்கு." வெங்காயம் பாதிகூட முடியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தட்டில் கேட்டது உன் மூச்சு என்றே நம்பிவிட்டாள். ஈஸ்டருக்கு நீ இங்கே பாட வரும்போது வீட்டில்தான் தங்க வேண்டுமாம், உனக்காகச் சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பை, உனக்குப் பிடித்த அந்த இனிப்பு, சுடப்போகிறாளாம், ஞாயிறன்று உன்னை முதல் வரிசையில் நிறுத்தி, மூச்சு என்றால் இதுதான் என்று கொயர் முழுவதற்கும் காட்டப்போகிறாளாம். மார்வெட்டையும் கூட்டிவரச் சொல்கிறாள், பாவம் அந்தப் பெண்ணுக்குத் தோளில் மூச்சு, சரிசெய்துவிடலாம் என்கிறாள். நாளை நான் எழுதப்போவது இதைத்தான். அம்மா சொல்வாள், நான் எழுதுவேன், உனக்கு மன்னிப்பு வரும். அந்த மன்னிப்பு என் மூச்சுக்கு வந்தது.

அம்மாவிடம் உண்மையைச் சொன்னால் உனக்கு அந்தப் பை கிடைக்காது, எனக்குக் கொயர் கிடைக்காது. சொல்லாவிட்டால் ஞாயிறன்று நீ எழுந்து நிற்பாய், உன் புதுப் பாட்டு வாத்தியார் கற்றுக்கொடுத்தபடி மூக்கால் சத்தமில்லாமல் இழுப்பாய், அம்மாவுக்கு அந்த நொடியே தெரிந்துவிடும், சபை நடுவே அவள் முகம் எப்படிப் போகும் என்று யோசித்தாலே எனக்கு வியர்க்கிறது. உன்மேல் எவ்வளவு பொறாமை இருந்தாலும் அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அதனால் எழுதுகிறேன், பழகிக்கொள். உள்ளங்கையைத் தொப்புளுக்கு மேல் வை. தோள் தூங்க வேண்டும். வாசலில் பிடித்தவர் யாரோ வந்து நிற்பதைப் பார்த்த மாதிரி வாயைத் திற, தாடை தானாக விழட்டும், காற்று தொண்டையில் உரசும் சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். இழுத்ததும் உடனே பாடிவிடாதே. நடுவில் ஒன்று இருக்கிறது, அது இல்லாவிட்டால் அம்மா ஏமாற மாட்டாள், ஸ்கேட்டிங் தளத்தில் ஒரு காலும் மேலே எழும்பாது.

அந்த ஒன்றை நான் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். ஈஸ்டருக்கு வா, பையைச் சாப்பிடு, அப்புறம் அம்மா எதிரில் என்னைப் பார்த்துக் கேள், கோர்லிஸ், அதை எப்படிச் செய்தாய் என்று. அடி விழுந்தால் எனக்குப் பாதி உனக்குப் பாதி. நீ கேட்டால் சொல்லித்தருகிறேன். மார்வெட்டுக்குச் சொல்லித்தர மாட்டேன்.

குளிரில்லாத ஊர்தான் என்றாலும் இரவில் கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள், தொண்டை முக்கியம். படித்ததும் இதைக் கிழித்துவிடு. ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், என்னைக் கொஞ்சம் அதிகமாகக் காக்கட்டும்.

இப்படிக்கு,
கைதட்டிய நண்பர்களில் ஒருத்தி,
உன் தங்கை கோர்லிஸ்