அம்மா மிதிக்கும் பிரேக்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், வண்டியும் சுகம். நீயும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகம் என்று இரண்டு வரி எழுதிப் போட்டால் எனக்குச் சோறு இறங்கும். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு கதையை அவள் பக்கமாகச் சொல்லிவிடுவாள், அதனால் முந்திக்கொள்கிறேன். மாப்பிள்ளை கப்பலில் இருக்கிற நேரத்தில் நீ தனியாகப் பிரசவத்துக்குப் போவதாவது! அதற்குள் நாங்கள் அங்கே இருந்தாக வேண்டும், நீ படுத்த மரத்தொட்டிலும் வர வேண்டும், அதை ரயிலில் ஏற்ற விடமாட்டார்கள், ஆகவே காரில்தான் வருகிறோம். அந்த ஓட்டை வண்டில மட்டும் வந்துடாதீங்கப்பா என்று நீ சொன்னது என் காதில் விழாமல் இல்லை. மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியை அப்படியே கிளப்பிக்கொண்டு வர நான் என்ன பைத்தியமா?

உன் மாமன் பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். அக்கா புருஷன் என்ற மரியாதையெல்லாம் பட்டறை வாசலோடு சரி, உள்ளே போனால் அவன் வைத்ததுதான் சட்டம். ரேடியேட்டர் ஹோஸில் வெடிப்பு, மாற்றியாயிற்று. ஃபேன் பெல்ட்டும் மாற்றியாயிற்று. பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்ததை வெந்நீர் ஊற்றிக் கழுவினோம். ஸ்டெப்னியில் காற்று பேருக்குக்கூட இல்லை. ஜாக்கியைக் காணோம் என்று ஊரையே இரண்டாக்கினேன், கடைசியில் பார்த்தால் எங்கள் அறையில் கால் ஒடிந்த பீரோவுக்கு நானே முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன், உன் அம்மா சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அடியில் துரு இருக்கிறதா என்று உன் மாமன் ரப்பர் மேட்டுகளைத் தூக்கிப் பார்த்தபோது அம்மா உட்காருகிற பக்கத்து மேட்டில் குதிகால் அளவுக்கு ஓட்டை. இது என்ன என்று கேட்டான். உங்க அக்கா அவ பக்கம் ஒரு பிரேக் வச்சிருக்கா, கல்யாணமான நாள்லேருந்து மிதிச்சுக்கிட்டே வர்றா என்று கிண்டலாகச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

வெள்ளோட்டம் பார்க்க மூன்று பேரும் கிளம்பினோம், சத்தம் கேட்க அவன் பின் சீட்டில் உட்கார்ந்தான். கடைத்தெருவில் இடது பக்கமிருந்து ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது, மயிரிழையில் தப்பியது. பட்டறைக்குத் திரும்பியதும், அத்தான், பிரேக்கு நல்லாத்தான் பிடிக்குது, நீங்கதான் லேட்டா பிடிக்கிறீங்க, ஒவ்வொரு தடவையும் அக்கா கால்தான் முந்துது என்றான். எனக்கு வந்ததே கோபம்! சாவியை மேசையில் எறிந்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். மறுநாள் உன் அம்மா சண்டை போடாமல் என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். இடது கண்ணில் புரை நன்றாக முற்றியிருக்கிறதாம், ஆபரேஷன் முடிகிற வரைக்கும் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாதாம். வண்டியை அக்கு அக்காகச் சோதித்தவன் என்னைச் சோதிக்க மறந்துவிட்டேன். ரொம்ப வலித்ததம்மா, மறைத்து என்ன ஆகப்போகிறது.

அதனால் உன் அம்மா ஓட்டுகிறாள். அவளுக்கு லைசென்ஸ் உண்டு, வேலைக்கு ஓட்டிப்போன பழக்கம் உண்டு, நெடுஞ்சாலையில் மட்டும் நான் விட்டதில்லை. நேற்று நெடுஞ்சாலையில் ஓட்டிக் காட்டினாள், குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, இதை அவளிடம் சொல்லித் தொலைக்காதே. பகலில் மட்டும் ஓட்டி, இருட்டுவதற்குள் வழியில் தங்கி, மறுநாள் வந்து சேருவோம். புறப்படும்போது போன் செய்கிறேன், அதன் பிறகு நீ சும்மா சும்மா கூப்பிடாதே, ஓட்டுகிறவள் கவனம் சிதறும்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஸ்டூல் போட்டு மேலே ஏறாதே. பெற்றுப் பிழைத்து நீயும் குழந்தையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். வாசலில் வண்டி நிறுத்த இடம் பிடித்து வை. ஓட்டை மேட்டை எடுத்துவிட்டுப் புதிது போட்டிருக்கிறேன். நேற்று வீடு வந்து இறங்கும்போது பார்த்தேன், அதில் என் குதிகால் தடம் அழுத்தமாகப் பதிந்திருந்தது.

அம்மா பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வரப்போகிற
உன் அப்பா