ஜிம்னி ஏன் உதறுகிறது

ஜூலை 6, ஞாயிறு

இன்று முதன்முதலாக ஆற்றுக்குள் வண்டி ஓட்டினேன். நான்! கல்யாணமான நாளிலிருந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலும் வரைபடமும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த வாசுகி.

கோத்தா திங்கி பக்கம், ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்குப் பின்னால் ஓடுகிற ஆறு. ஐந்து வண்டிகளாகப் போயிருந்தோம். எங்கள் குழுவின் தலைவர் முனீர் (கூலாயில் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்) முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு கையைக் காட்டி வழி சொன்னார். எங்கள் ஜிம்னி ஜீப்தான் கடைசி. என் கணவர் ரூபன் கதவைத் திறந்து இறங்கினார்.

"இன்னிக்கு நீ ஓட்டு வாசு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவரோ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்க்கரைக்கே நடந்து போய்விட்டார்.

பாதி ஆறு வரை அரசி மாதிரி போனேன். தண்ணீர் இரண்டு பக்கமும் விலகுது, நாலு சக்கரமும் பிடிக்குது, முனீர் தலையாட்டுறார். சந்தோஷத்தில் ஆக்சிலரேட்டரை ஒரு அழுத்து கூடுதலாக அழுத்திவிட்டேன். டமார்! தண்ணீருக்கு அடியில் பாறை. இடது முன்சக்கரம் ஏறி, அடுத்த பாறையில் போய் விழுந்தது. ஸ்டியரிங் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சுற்றியது. எப்படிக் கரையேறினேன் என்று தெரியவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள்.

வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக இருந்தது. ரூபன் குனிந்து பார்த்தார். "ஒன்னும் ஆகல லா" என்றார். திரும்பி வரும்போது அவர்தான் ஓட்டினார்.

வண்டியை உடைத்துவிட்டு வந்தவள் இப்படியா சிரித்துக்கொண்டே எழுதுவாள்?

ஜூலை 7, திங்கள்

ஸ்டியரிங் அடித்ததில் கட்டைவிரல் வீக்கம். ஊருக்கெல்லாம் எக்ஸ்ரே எடுக்கிற என்னை இன்று ஹாஸ்பிட்டலில் சக ஊழியர்கள் உட்காரவைத்து எடுத்தார்கள். எலும்பு நல்லாயிருக்கு. கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். சொல்லச் சொல்லப் பாறை பெரிசாகிக்கொண்டே போனது.

ஜூலை 12, சனி

மெக்கானிக் மூர்த்தியின் வொர்க்‌ஷாப்பில் வண்டியை மேலே தூக்கிப் பார்த்தார்கள். இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கிற டை ராட் வாழைக்காய் மாதிரி வளைந்திருந்தது. "அக்கா கைவேலை சூப்பர்" என்றார் மூர்த்தி. புதிது போட்டு, அலைன்மென்டும் பார்த்தாயிற்று. ஸ்டியரிங் நேராகிவிட்டது. அவ்வளவுதான், முடிந்தது!

ஜூலை 13, ஞாயிறு

முடியவில்லை.

ஹைவேயில் எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் உதற ஆரம்பித்தது. சின்ன உதறல் இல்லை. முன்பக்கம் முழுசும் தலையை ஆட்டுது. ரூபன் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தினார். பின்னால் உட்கார்ந்திருந்த அத்தை மட்டும், "மசாஜ் நாற்காலி மாதிரி இருக்கு" என்றார்கள். அத்தை என்றால் ரூபனின் அம்மா, புஷ்பவள்ளி. பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்தி ஓய்வு பெற்றவர்கள். எதற்கும் பயப்படாத ஒரே ஆள் எங்கள் வீட்டில் அவர்கள்தான்.

ஜூலை 20, ஞாயிறு

டயர் பேலன்சிங் செய்தோம். அப்படியே உதறியது. ஸ்டியரிங் அதிர்வைத் தாங்குகிற டேம்பர் பழசு என்று அதையும் மாற்றினார் மூர்த்தி. இன்று செனாய் வரை போய்வந்தோம். கப்பல் மாதிரி போனது. ரூபன் விசில் அடித்தார்.

சாவியைக் கேட்டேன். "முதல்ல நல்லா செட்டாகட்டும், நான் பாத்துக்கறேன்" என்றார். சரி.

ஜூலை 24, வியாழன்

மறுபடி உதறுது. இந்தத் தடவை எழுபதிலேயே. அதோடு வளைவில் திரும்பும்போது எங்கேயோ ஒரு 'டக்'. ரூபன் ரேடியோ சத்தத்தைக் கூட்டினார். எனக்குக் கேட்காமலிருக்கவா? அவருக்கே கேட்காமலிருக்கவா?

மூர்த்தி மறுபடி தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் டைட்டாதான் இருக்கு" என்று தலையைச் சொறிகிறார்.

சாப்பாட்டு மேசையில் ரூபன் மெதுவாகச் சொன்னார்: "வித்துரலாமா? நானும் தெனம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்ட்டு வந்து வாரக் கடைசியில இது பின்னாலேயே அலைய முடியல."

ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமா இருக்கு. திட்டினா நானும் நாலு வார்த்தை திட்டலாம். இப்படி நல்லவரா இருந்தா என்ன பண்றது?

ஜூலை 27, ஞாயிறு

வண்டியை வாங்க ஆள் கிடைத்துவிட்டார். பெக்கான் நானாஸில் அன்னாசித் தோட்டம் வைத்திருப்பவர், பெயர் சபாபதி. உதறலைப் பற்றி ரூபன் மறைக்காமல் சொல்லிவிட்டார். தோட்டத்துக்குள்ளே ஓட்டத்தானே, பரவாயில்லை என்றாராம். அடுத்த ஞாயிறு வந்து பார்க்கிறார்.

ஆற்றில் ரூபன் எடுத்த வீடியோவை முனீரின் மனைவி ஆப்ரின் எனக்கு அனுப்பியிருக்கிறாள். 'அடுத்த தடவை நானும் ஓட்டணும், சொல்லிக் குடு' என்று கூடவே ஒரு செய்தி. பதில் போடவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

இரண்டு தடவை எழுதி அடித்துவிட்டேன். சந்தோஷத்தில்தான். ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

ரூபனுக்கு இன்று சிங்கப்பூரில் ஓவர்டைம். நாளைக்கு வருகிறவர் வண்டியைச் சேறும் சகதியுமாகப் பார்க்க வேண்டாமே என்று காலையில் ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு அடிப்பக்கத்தைக் கழுவ உட்கார்ந்தேன். ஆற்றுச் சேறு காய்ந்து சிமெண்டு மாதிரி ஒட்டியிருந்தது. கழுவக் கழுவ ஒவ்வொரு இரும்பாக வெளியே வந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது.

அப்போதுதான் தோன்றியது. கால் பிசகி வருகிறவர்களில் சிலருக்குப் படுக்கவைத்து எடுத்தால் படத்தில் ஒன்றும் தெரியாது. எழுந்து நின்று காலில் பாரம் கொடுக்கச் சொல்லி எடுத்தால் மூட்டு விலகுவது பளிச்சென்று தெரியும். மூர்த்தி இரண்டு தடவையும் வண்டியை அந்தரத்தில் தூக்கித்தானே பார்த்தார்? சக்கரம் தொங்கிக்கொண்டிருந்ததே!

தரையில் நிற்கும்போது யாராவது ஸ்டியரிங்கைத் திருப்ப, கீழே படுத்து ஒருத்தர் பார்க்க வேண்டும். வீட்டில் இருப்பதோ நானும் அத்தையும்.

அத்தை சமையலறையில் மிளகாய்ச் சம்பால் வதக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நான் சைக்கிள்கூட ஓட்டினதில்லயேம்மா."

"ஓட்ட வேணாம் அத்தை. என்ஜின் ஆஃப். உக்காந்து திருப்பினா போதும்."

அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார்கள்! கேட்டதற்கு, "டிரைவர் சீட்ல உக்காரப் போறேன்ல" என்றார்கள்.

கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரங்களுக்குச் செங்கல் வைத்து, அட்டையை விரித்துக் கீழே படுத்தேன்.

"இடது பக்கம் திருப்புங்க அத்தை!"

"என் இடதா, உன் இடதா?"

"நான் மல்லாக்கப் படுத்திருக்கேன், உங்க இடது!"

சாவி போட்டுப் பூட்டை எடுத்தாலும், என்ஜின் ஆஃப் என்றால் ஸ்டியரிங் கல் மாதிரி கனக்கும். அத்தை விடவில்லை. இடது, வலது, இடது, வலது — மேலேயிருந்து மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. நான் டார்ச்சை ஒவ்வொரு இணைப்பாக அடித்துக்கொண்டே வந்தேன். டை ராட், அசையவில்லை. சக்கரத்தின் மூட்டு, அசையவில்லை. பிறகு அந்த நீளக் கம்பி. முன்சக்கரங்களைத் தாங்குகிற அச்சு பக்கவாட்டில் நகராமல் வண்டியின் சட்டத்தோடு பிடித்துவைக்கிற கம்பி. அதன் ஒரு முனையை அச்சோடு பற்றவைத்த ஒரு இரும்புத் தகடு தாங்குகிறது.

அத்தை இடது பக்கம் இழுத்தார்கள். தகட்டின் ஓரம் வாய் மாதிரி திறந்தது.

வலது பக்கம். மூடியது. 'டக்'.

"அத்தை! இன்னொரு தடவ!"

திறந்தது. மூடியது. டக்.

நான் கீழே கிடந்து கத்திய கத்தலில் அத்தை ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கதவைத் திறந்தார்கள். "ஐயோ, உடைச்சிட்டேனா?"

"நீங்க உடைக்கல அத்தை, கண்டுபிடிச்சிட்டீங்க!"

சம்பால் தீய்ந்துபோகவில்லை. ஆனால் இரண்டு பேருமே சாப்பிட மறந்துவிட்டோம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ரூபன் நேற்று மோட்டார் சைக்கிளில் வீடு வந்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்ற விடவில்லை. அட்டையில் என் பக்கத்தில் படுக்கவைத்தேன். அத்தை அதற்குள் மறுபடி டிரைவர் சீட்டில் ஏறிவிட்டார்கள், கூப்பிடாமலே.

அவர் டார்ச்சை வாங்கி விரிசலுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு ஒரு கம்பித் தூரிகையால் மெதுவாகத் தேய்த்தார்.

"வாசு, இதப் பாரு. இந்தப் பக்கம் பளபளன்னு இருக்கு. புதுசா உடைஞ்சது."

"ஆமா. என் பாறை."

"இந்தப் பக்கம்?"

அந்தப் பக்கம் உள்ளே வரைக்கும் பழுப்பு. துரு. ஒரு மாதத்தில் பிடிக்கிற துரு இல்லை அது. மேலே பூசிய கறுப்புப் பெயிண்டு மூடிவைத்திருக்கிறது.

ரூபன் விரலால் துருவைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "கஹாங்" என்றார்.

போன வருஷம் கஹாங் காட்டுப் பாதையில் ஒரு மரக்கட்டையில் அவர் இடித்தாரே! முனீர் இறங்கி ஓடிவந்து பார்த்தாரே! "லேசா உரசிச்சு, அவ்ளோதான்" என்று அன்றைக்கு என்னிடம் சொன்னவர் இவர்தானே!

"அப்போ பாதி நீங்க," என்றேன்.

"பாதி நீ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். ஹெல்மெட் தரையில் முட்ட முட்டச் சிரிக்கிறார். மேலேயிருந்து அத்தை, "கீழ என்ன நடக்குது? நான் திருப்பவா, வேணாமா?" என்று கேட்டார்கள். சிரிப்பு இன்னும் கூடியது.

சிரித்து முடித்ததும் ரூபன் சொன்னார்: "நான் உன்ன ஓட்டவிட்டது தப்போன்னு நெனச்சிட்டு இருந்தேன் வாசு. உன் மேல கோபம் இல்ல. பயந்துட்டேன். ஸ்டியரிங் உன் கைய உடைச்சிருந்தா?"

இதை முதல் நாளே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? சொன்னேன். "ஆமா," என்றார்.

இன்று காலை போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்வதற்குள் சபாபதி வந்துவிட்டார், தோட்டத்து அன்னாசிப் பழங்களோடு. விஷயத்தைச் சொன்னோம். கோபப்படுவார் என்று பார்த்தால், அவரும் கீழே படுத்துப் பார்த்தார். அத்தைதான் ஸ்டியரிங். மூன்றாவது காட்சி!

"அலமாக், அடடா, இனிமே நீங்க எங்க விக்கப் போறீங்க," என்று எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். தோசை சாப்பிட்டுவிட்டுப் போனார். பழத்தைத் திருப்பித் தந்தால் வாங்க மாட்டேன் என்றார்.

ஆகஸ்ட் 9, சனி

மூர்த்தி பழைய விரிசலைச் சுரண்டி எடுத்து, பற்றவைத்து, மேலே கூடுதலாக ஒரு தகடும் வைத்துக் கொடுத்தார். "தரையில வச்சு ஆட்டிப் பாத்திருக்கணும்க்கா, எனக்குத் தோணவே இல்ல" என்றார். எனக்கும்தான் ஒரு மாதமாகத் தோணவில்லை.

"யாரு ஓட்டிப் பாக்குறது?" என்று அவர் கேட்டபோது ரூபன் ஏற்கெனவே இடது பக்கம் ஏறி பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார்.

எழுபது. எண்பது. தொண்ணூறு. ஒன்றும் இல்லை!!

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆப்ரினுக்குப் பதில் போட்டேன். 'வா, சொல்லித் தரேன். மெதுவா மிதிக்கணும், அதுதான் முதல் பாடம்.'

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மெர்சிங் போய்வந்தோம், எல்லா வண்டிகளும் சுதந்திர தினக் கொடி கட்டிக்கொண்டு. போகும்போது தோட்டப் பாதை, இரண்டு ஓடை, ஒரு செம்மண் மேடு. எல்லாம் நான். ஆப்ரின் ஒரு ஓடையில் ஓட்டினாள். முனீர் கரையில் நின்று ஓதிக்கொண்டிருந்தார், அவள் கடந்த பிறகும் நிறுத்தவில்லை.

படகுத்துறைப் பக்கம் மீன் சாப்பிட்டோம். அத்தை இரண்டு பொட்டலம் கருவாடு வாங்கினார்கள். வண்டி இன்னும் மணக்குது. அங்கே கடைக்காரர் ஒருத்தரிடம் அத்தை, "முன்னால அச்சு உடைஞ்சிருந்திச்சு, நான்தான் கண்டுபிடிச்சேன்" என்று மலாயில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். மறுக்கவில்லை.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் ஈரமான ரோடு, வைப்பர் சத்தம். கொஞ்ச தூரம் போனதும் வாக்கி டாக்கியில் முனீர் கூப்பிட்டார். "ரூபன், முன்னால ரோட்டுல தண்ணி நிக்குது. பாத்து வா. கேக்குதா ரூபன்?"

இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு, தலை கண்ணாடியில் சாய்ந்து, அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அத்தை பின்னாலிருந்து கையை நீட்டி வாக்கி டாக்கியை என் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார்கள்.

"அவர் தூங்குறார் முனீர். நான் பாத்துக்கறேன், நீங்க போங்க."