கயிறு விழுந்த படம்

வாசலில் செருப்பை விடும்போதே "மாமா, கிளம்பலாமா?" என்று கேட்கிற என் மாப்பிள்ளைக்கு,

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல உங்கள் ஸ்டெல்லா எழுதுகிறாள். காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகிறது.

போன வாரம் உங்கள் கேமராவோடு நாங்கள் இருவரும் அந்தப் பாறைக்குப் போனோம். கார்வாருக்கு அப்பால், பஸ் நின்ற பிறகும் ஒரு மணி நேரம் நடக்கிற கடற்கரை. நீங்கள் எடுக்க முடியாமல் போன படத்தை இவள் எடுக்க வேண்டுமாம். வேண்டாம் என்றேன். மகள் கேட்டால்தானே? அங்கே வலை காயப்போட்டவர் என்னை மறக்கவில்லை. "மத்தெ பந்தியா தாத்தா?" என்று சிரித்தார். மறுபடியும் வந்தாயா என்று கேட்கிறார்.

கிருஷ்ணகிரி கல்குவாரியில் நாற்பது வருஷம் கயிற்றில் தொங்கியவன் நான். அதனால்தானே ஓசூர் ஃபேக்டரியில் லீவு கிடைத்தபோதெல்லாம் படமெடுக்க என்னைக் கூட்டிப்போனீர்கள்? பாறை வெடிப்பில் கடப்பாரையை அடித்து, கயிற்றை அதில் கட்டி, மறுமுனையை உங்கள் இடுப்பில் முடிச்சுப் போடுவேன். கீழே இறங்கினவன் அந்த முடிச்சில் கை வைக்கக் கூடாது. குவாரியில் அதுதான் சட்டம்.

கடைசித் தடவை கை வைத்தீர்கள். "மாமா, கயிறு படத்துல விழுது. அரை நிமிஷந்தான், அவுத்துக்கிறேன்."

சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

அலை புகை மாதிரி விழ, கேமரா அரை நிமிஷம் திறந்திருக்க வேண்டும். அது பாறைச் சுவரைப் பார்த்திருந்தது. கடல் உங்கள் முதுகில். நான் கத்துவதற்குள் அலை உங்கள் மேல் ஏறிவிட்டது. தண்ணீர் வடிந்தபோது நீங்கள் பாறையைக் கட்டிப்பிடித்துக் கிடந்தீர்கள். "ஸ்டெல்லாகிட்ட சொல்லிடாதீங்க மாமா." சொல்லவில்லை.

போன வாரம் அதே இடத்தில் நின்று இவள் மேலே பார்த்துக் கத்தினாள். "அப்பா, கயிறு படத்துல வருது. அவுத்துடட்டா?"

இரண்டு அலைக்கு அப்பால் ஒன்று கறுத்துத் திரண்டு வந்தது.

"அவுக்காதே! உன் புருஷன் அவுத்தாரு. அலை அடிச்சுது. உங்கிட்ட மறைச்சிட்டேன்!"

முடிச்சில் வைத்த கையை அவள் எடுக்கவில்லை. என்னையே பார்த்தாள். அலை அவளை மூடியது. கயிறு விண்ணென்று இழுத்தது, கடப்பாரை அசைந்தது. அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

தண்ணீர் வடிந்தது. முட்டி போட்டு, கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். முடிச்சு அவள் இடுப்பில் இருந்தது.

"இத்தனை நாளா வாயத் தெறக்கல இல்ல, ரெண்டு பேரும்?" என்று கீழிருந்தே திட்டினாள். பிறகு கயிற்றோடேயே படம் எடுத்தாள்.

அது இப்போது உங்கள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. கடல் புகையாகத்தான் விழுந்திருக்கிறது. ஓரத்தில் கயிறு ஒரு கோடாகத் தெரிகிறது. உங்கள் ஃபேக்டரி நண்பர் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல அழிச்சிடலாமே அக்கா" என்றார். "கை வச்சுப் பாரு, ஒடிக்கிறேன்" என்றாள். இதைச் சொன்னதும் பேனாவை நிறுத்துகிறாள். "இதையுமா எழுதணும்?" எழுதம்மா.

மழை நின்றதும் மறுபடி போகிறாளாம். தடுக்க மாட்டேன், கூடப் போவேன். அவிழ்க்கட்டுமா என்று யார் கேட்டாலும், இனி என் வாயிலிருந்து சரி என்ற சொல் வராது, மாப்பிள்ளை.

மேலே நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் மாமன்.